மொட்டைமாடி மாலுமி

தில்லியில் தமிழர்கள் நாலு பேர் சேர்ந்து குடியிருக்கும் காலனி எதுவானாலும், அங்கே ஒரு சங்கீத மாமா, ஒரு ஹோமியோபதி மாமா, ஒரு ஷேர் மார்க்கெட் மாமா கட்டாயம் உண்டு. காலனி கொஞ்சம் பெரிதாக இருந்தால் ஒரு கப்பல் மாமாவும் தேறுவார். மயூர் விஹாரிலோ ஜனக்புரியிலோ ஏதாவது ஒரு டி.டி.ஏ. அடுக்ககத்தின் உச்சியில் நீலத் தார்ப்பாய் போட்டு மூடிய நீளமான வஸ்து ஒன்று கண்ணில் பட்டால், கீழே நின்று "மாமா!" என்று குரல் கொடுத்துப் பாருங்கள். காதில் பென்சில் செருகிய ஒரு தலை எட்டிப் பார்க்கும். புருவமெல்லாம் மரத்தூளாக இருக்கும். "மேலே வாங்கோ, காட்றேன்" என்று சொல்லும். போகாதீர்கள். போனால் ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் திரும்புவீர்கள்.

இவர் பிறந்தது தஞ்சாவூர்ப் பக்கம். கடலைப் பார்த்ததெல்லாம் தை அமாவாசைக்கு. நீச்சல் தெரியாது. உத்யோக் பவன், கிருஷி பவன், சாஸ்திரி பவன் என்று ஏதாவது ஒரு பவனில் அசிஸ்டென்டாக நுழைந்து, அறுபது முடிந்த மாதத்தின் கடைசி நாள் அண்டர் செக்ரட்டரியாக, ஒரு சால்வையோடும் சுவர்க்கடிகாரத்தோடும் வெளியே வந்தவர். அதுவரை அவர் கையால் உருவாக்கியது 'மேலிடப் பார்வைக்குச் சமர்ப்பிக்கப்படுகிறது' என்ற குறிப்பு ஒன்றுதான். அதிலும் மேலே இருந்தவர் யாராவது இரண்டு வார்த்தையை அடித்திருப்பார்.

படகு ஆசை எங்கிருந்து ஒட்டிக்கொண்டது என்று மாமியைக் கேட்டால், "போன ஜன்மத்துக் கடன்" என்பார். எனக்கு என்னவோ அது போட் கிளப் புல்வெளியில் தொடங்கியதாகத்தான் படுகிறது. குளிர்காலத்தில் மத்தியான இடைவேளை வந்தால் செக்ரடேரியட்டே அந்தப் புல்வெளிக்கு இறங்கிவிடும். ஒரு பக்கம் ஸ்வெட்டர் பின்னுவார்கள், ஒரு பக்கம் ரம்மி ஆடுவார்கள், எல்லாப் பக்கமும் வேர்க்கடலைத் தோல் பறக்கும். நம்மவர் மட்டும் தயிர்சாத டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, கால்வாயில் போகிற வாடகைப் படகுகளையே பார்த்துக்கொண்டிருப்பார். 1988 அக்டோபரில் மகேந்திர சிங் டிகைத் லட்சக்கணக்கான விவசாயிகளோடு வந்து அந்தப் புல்வெளியில் உட்கார்ந்தபோது, இவர் ஒரு வாரம் மேஜையிலேயே சாப்பிட நேர்ந்தது. தேச சரித்திரத்தில் தன் பங்கு என்று இதை இன்றைக்கும் சொல்வார்.

அப்புறம் எல்.டி.சி. என்கிற விடுமுறைப் பயணச் சலுகை. ஸ்ரீநகருக்குப் போனால் மற்ற குடும்பங்கள் பஷ்மினா கடையில் இருக்கும். இவர் தால் ஏரிக்கரையில் ஷிகாரா கட்டுகிறவர் பக்கத்தில் குந்தியிருப்பார். தேவதாரு மரம். தண்ணீரிலேயே கிடந்தாலும் லேசில் உளுக்காது, இழைத்தால் ஊரே மணக்கும். அடுத்த முறை ஆலப்புழை. அங்கே கெட்டுவள்ளத்தை ஆணியே இல்லாமல் கயிற்றால் தைத்து, முந்திரித்தோட்டு எண்ணெய் பூசுகிறார்கள். அயினிப் பலகை. மாமி பெட்டியைத் திறந்தபோது சால்வைக்குப் பதில் தேவதாருச் சீவல் ஒரு பொட்டலமும், கயிறு ஒரு முழமும் இருந்தன. ஓய்வு பெற்ற பிறகும் இரண்டும் பீரோவில் பட்டுப்புடவைக்கு நடுவே இருந்தன என்பது வேறு கதை.

படகுக்கு முன்னால் வேறு சில முயற்சிகள் உண்டு. தில்லி ஃபிளாட்டில் கொல்லைப்புறம் ஏது? பால்கனிதான் பட்டறை. முதலில் செருப்பு ஸ்டாண்டு, அப்புறம் கூலருக்கு ஒரு பீடம், அப்புறம் ஊரே பேசிய அந்த மடக்குக் கொலுப்படி. ஏழு படியும் கீல் வைத்து ஒரு சூட்கேஸ் அளவுக்கு மடங்கும். மடங்கவும் செய்தது: நவராத்திரி மூன்றாம் நாள், பக்கத்து பிளாக் பெண்கள் பாடிக்கொண்டிருக்கும்போது, பொம்மைகளோடு. தசாவதார செட்டில் மச்சமும் கூர்மமும் மட்டும் சேதமில்லாமல் தப்பின. மாமி அழுதுகொண்டே பெருக்கினார். மாமா அந்த இரண்டு பொம்மைகளையும் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டும் தண்ணீர் ஜாதி. இதைவிடத் தெளிவான உத்தரவு எந்த மேலிடத்திலிருந்து வரும்?

மறுநாளே ஃபைல் திறந்தாகிவிட்டது. உண்மையான ஃபைல், இடது பக்கம் நோட்டிங், வலது பக்கம் கடிதப் போக்குவரத்து, சிவப்பு நாடா உள்பட. பலகை வாங்க மூன்று பேர் கொண்ட கொள்முதல் குழு அமைந்தது. ஓரளவு பெரிய தொகைக்குப் பொருள் வாங்க மூன்று பேர் குழு கடைக்கு நேரில் போய் விலை விசாரிக்க வேண்டும் என்று பொது நிதி விதிகளில் இருக்கிறதாம். மாமா, மாமி, வாட்ச்மேன். மாமி மாற்றுக்கருத்து எழுதி வைத்தார்: "வேண்டாம்." அது பதிவு செய்யப்பட்டு, மேலே நகர்ந்தது.

படகுக்கு மாதிரி வேண்டுமே. முதலில் பிடித்தது ஆப்டிமிஸ்ட். 1947-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் சின்னப் பிள்ளைகளுக்காக வரைந்தது. எட்டடிப் பிளைவுட்டில் வெட்டி எடுக்கும்படி ஏழடி ஒன்பது அங்குலத்தில் முடித்துவிட்டார் மனுஷன். எட்டுக்கு நாலு பிளைவுட் கீர்த்தி நகர் மரக்கடைகளிலும் அதே எட்டுக்கு நாலுதானே, அப்படியானால் இது இந்தியாவுக்காகவே வரைந்த படகு என்பது மாமாவின் தீர்மானம்.

"ஏன்னா, இது பதினஞ்சு வயசுக்கு உட்பட்டவா ஓட்டறதுன்னு போட்டிருக்கே?"

"வயசு வரம்புல தளர்வு உண்டுடி."

அட்டையில் அதே அளவுக்கு ஒன்று செய்து உட்கார்ந்து பார்த்தார். முழங்கால் மோவாயில் வந்து நின்றது. தளர்வு ரத்தானது. திருத்திய மதிப்பீடு தயாரித்து, பத்தடி பத்தங்குல மிர்ரர் படகுக்கு மாறினார். 1963-இல் லண்டன் பத்திரிகை ஒன்றின் ஆதரவில் வந்த படகு அது. பத்திரிகையின் பெயரே படகுக்கும். பிளைவுட் பலகைகளைச் செப்புக்கம்பியால் தைத்து, இணைப்புகளில் பிசினும் நாடாவும் ஒட்டினால் தீர்ந்தது, தச்சனே வேண்டாம். வீட்டுக் கொட்டகையில் சாதாரண ஆட்கள் கட்டிக்கொண்டதுதான் பெரும்பாலும். எழுபதாயிரத்துக்கு மேல் உலகமெங்கும் மிதந்திருக்கின்றன. "ஆலப்புழைக்காரன் கயிற்றால தச்சதை இவன் கம்பியால தச்சான், அவ்வளவுதான்" என்று மாமா பீரோவைத் திறந்து அந்த ஒரு முழக் கயிற்றை எடுத்துக் காட்டுவார். ஆப்டிமிஸ்டுக்கு ஏற்கனவே வெட்டிய பலகைகள் இரண்டாவது செருப்பு ஸ்டாண்டு ஆயின.

பிளைவுட் விஷயத்தில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. கீர்த்தி நகர்க் கடைக்காரர் "மரீன் ஹை ஜீ, பக்கா மரீன்" என்று பலகையைத் தட்டிக் காட்டினால், இவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஐ.எஸ். 710 முத்திரை எங்கே என்று தேடுவார். அந்தத் தர விதிப்படி மாதிரித் துண்டை 72 மணி நேரம் கொதிநீரில் வேகவைத்தாலும் ஒட்டு விடக்கூடாது. முத்திரையை யார் வேண்டுமானாலும் குத்தலாம், கொதிக்கும் தண்ணீர் பொய் சொல்லாது என்று ஒரு துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, பாயசம் காய்ச்சும் உருளியில் போட்டு அடுப்பில் ஏற்றிவிட்டார். முதல் நாள் மாமி பேசவில்லை. இரண்டாம் நாள், "துவரம்பருப்புகூட இத்தனை நாழி கேக்காது" என்றார். மூன்றாம் நாள் கீழ்வீட்டு பஞ்சாபி அம்மாள் வந்து, வாசனை வித்தியாசமாக இருக்கிறதே, மதராஸிப் பண்டிகையா என்று விசாரித்துவிட்டுப் போனார். பலகை ஜெயித்தது. உருளிதான் அப்புறம் பாயசத்துக்குத் திரும்பவில்லை.

கருவிகள் பற்றிச் சொல்லாவிட்டால் இவரைப் பற்றிச் சொன்னதாகாது. படகு கட்டுவதற்காகக் கருவி வாங்குகிறார் என்று ஊர் நினைக்கிறது. நான் கவனித்த வரை, கருவி வாங்குவதற்காகப் படகு கட்டுகிறார். இழைப்புளி நாலு தினுசு, உளிகள் அளவு வாரியாக ஃபிளானல் துணியில் சுற்றி, ரம்பம், கொட்டாப்புளி, மூலைமட்டம், ரசமட்டம், பலகையைப் பிடித்துக்கொள்ள கிளாம்புகள். கிளாம்பு மட்டும் எத்தனை இருந்தாலும் ஒன்று குறையும். படகு கட்டுகிற ஜாதி உலகமெங்கும் இதில் ஒன்றுபடும். இதற்கெல்லாம் சாவடி பஜார் போவார். பெரிய சாமான் வேண்டுமென்றால் ஜி.பி. ரோடு. தில்லி தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை: அந்தத் தெருவில் கீழ்த்தளம் முழுக்க மோட்டார், பம்ப், டிரில் பிட் என்று இயந்திரச் சாமான் கடைகள், மேல்தளங்களுக்கு வேறு கீர்த்தி. மாமாவுக்கு மேல்தளம் என்று ஒன்று இருப்பதே தெரியாது, டிரில் பிட்டுக்கு மேலே அவர் கண் போனதில்லை. மலை மந்திரில் கிருத்திகைக் கூட்டத்தில், பிரசாதம் வாங்கும் வரிசையில், யாரோ "ரெண்டு நாளாக் காணோமே?" என்று கேட்க, "ஜி.பி. ரோடு போயிருந்தேன். ரொம்ப சகாயம். நாளைக்கும் போகணும்" என்று கணீரென்று பதில் சொன்னார். வரிசை ஒரு நிமிஷம் நகரவில்லை. அன்றிலிருந்து மாமி அந்தத் தெருவுக்கு முனிசிபல் பெயரைத்தான் சொல்ல வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். "சுவாமி ஸ்ரத்தானந்த் மார்க் போய்ட்டு வரேன்" என்று மாமா கிளம்பும்போது கேட்பவர்கள் ஆசிரமத்துக்குப் போகிறார் என்று கையெடுத்துக் கும்பிடுகிறார்கள்.

தில்லியின் பருவங்கள் படகுக்கு விரோதம். மே மாதம் லூ என்கிற அனல்காற்று அடிக்கும்போது மரம் உலர்ந்து சுருங்கும். அப்போது அளவெடுத்துச் செருகின குறுக்குச்சட்டம் ஆகஸ்ட் ஈரத்தில் பருத்துக் காடியில் இறுகிக்கொள்ளும். நீளவாக்கில் மரம் சாது. அகலத்தில்தான் மூச்சு விடும். எபாக்சி இன்னும் மோசம். ஜனவரிக் குளிரில் கலந்தால் மறுநாள் காலையிலும் ஜிலேபிப் பாகு பதத்திலேயே நிற்கும். மே மாதத்தில் கலந்தால் மக்கிலேயே சூடேறிப் புகைந்து கல்லாகிவிடும், மக் நஷ்டம். ஆக வேலை செய்யத் தோதான மாதங்கள் அக்டோபர் நவம்பர், பிப்ரவரி மார்ச். முந்தினதில் தில்லியின் காற்று கண்ணைக் கரிக்கும். புகைமூட்டம் முற்றிக் கட்டுமான வேலைகளுக்குத் தடை வரும்போது காலனிச் சங்கச் செயலாளர் ஓடிவந்து, "அங்கிள்ஜி, பந்த் கீஜியே" என்பார். மாமா தயாராக இருப்பார். 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தடை போட்டபோது பிளம்பிங், மின்வேலை, தச்சுவேலை போன்றவற்றுக்கு விலக்குக் கொடுத்த செய்தியைக் கத்தரித்து, லேமினேட் செய்து, ரம்பத்துக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார்.

இந்தச் செயலாளர்தான் மாமாவின் வாழ்வில் எதிர்க்கட்சி. மொட்டைமாடியில் இருப்பது அனுமதியில்லாத கட்டுமானம் என்று ஒரு கடிதம் போட்டார். மாமா இரவெல்லாம் உட்கார்ந்து, 1917-ஆம் வருஷச் சட்டத்தை நீக்கிவிட்டு வந்த 2021 உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தை மேற்கோள் காட்டி, அதில் இயந்திரம் இல்லாத கலங்களுக்கும் தனி அத்தியாயம் இருக்கிறது, எனவே பொருள் கலமே தவிரக் கட்டடம் அல்ல என்று எட்டுப் பத்தியில் பதில் கொடுத்தார். செயலாளரிடமிருந்து ஒரே வரி வந்தது: இது படகு என்பதற்கு ஆதாரம் என்ன?

நியாயமான கேள்விதான். காலனிக் குழந்தைகளும் அதையேதான் வேறு மாதிரி கேட்கின்றன: "பானி கஹாங் ஹை, அங்கிள்?" தண்ணீர் எங்கே? யமுனை இருக்கிறது. வஜீராபாத்திலிருந்து ஓக்லா வரை 22 கிலோமீட்டர், பெரும் சாக்கடைகள் எல்லாம் வந்து சேருகிற நீளம். தீபாவளி, சட் பூஜை சமயத்தில் காளிந்தி குஞ்ச் பக்கம் வெள்ளை நுரை மிதக்கும். நதி சுத்தமாகும்போது படகு தயாராக இருக்க வேண்டும் அல்லவா என்பது மாமாவின் வாதம். யமுனைச் செயல்திட்டம் ஜப்பான் கடனுதவியோடு 1993-இல் தொடங்கியது; படகு ஃபைல் ரொம்பப் பிந்தித்தான் தொடங்கியது. எது முதலில் முடியும் என்று காலனியில் பந்தயமே ஓடுகிறது. மாடிப்படித் திருப்பத்தில் பத்தடிப் படகு எப்படித் திரும்பும் என்று கேட்டால் மட்டும் அவர் முகம் மாறும். "அது வேற ஃபைல்" என்று முடித்துவிடுவார்.

ஒரே ஒரு தடவை நதி தானாகவே பாதி தூரம் வந்தது. 2023 ஜூலை 13-ஆம் தேதி பழைய ரயில் பாலத்தில் யமுனை 208.66 மீட்டரைத் தொட்டது. 1978-இல் வந்த 207.49 மீட்டர்தான் அதுவரை பெரிய வெள்ளம். கரையோரக் குடிசைக்காரர்கள் ஆடு மாட்டோடு மயூர் விஹார்ச் சாலையோரத்தில் வந்து தங்கினார்கள். கீழேயிருந்து பிள்ளைகள், "அங்கிள், நாவ் நிகாலோ!" என்று படகை வெளியே எடுக்கச் சொல்லிக் கத்தின. மாமா தார்ப்பாயை விலக்கிப் பார்த்தார். பக்கப்பலகை இருந்தது, முகப்பு இருந்தது, பாய்மரத்துக்குத் துளைகூட இருந்தது. அடிப்பலகைதான் இன்னும் ஒட்டியிருக்கவில்லை. மாமி எலுமிச்சம்சாதம் பொட்டலம் கட்டிக் கொடுக்க, ஆட்டோ பிடித்துப் போய்க் குடிசைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அன்று ராத்திரி சாப்பிடவில்லை என்று கேள்வி.

அடுத்த அடி கோவாவிலிருந்து விழுந்தது. அஜந்தாவில் ஐந்தாம் நூற்றாண்டு ஓவியத்தில் இருக்கும் கப்பலைப் பார்த்து, ஆணியில்லாமல் தைத்து ஒரு முழுக் கப்பலைக் கட்டிவிட்டார்கள். பாபு சங்கரன் தலைமையில் கேரளத் தச்சர்கள் 2023 செப்டம்பரில் வேலையைத் தொடங்கி, 2025 பிப்ரவரியில் தண்ணீரில் இறக்கிவிட்டார்கள். மே மாதம் கடற்படை அதற்குக் கவுண்டின்யா என்று பெயர் வைத்துச் சேர்த்துக்கொண்டது. டிசம்பர் கடைசியில் போர்பந்தரிலிருந்து மஸ்கட்டுக்குக் கிளம்பியும் விட்டது. மாமி அந்தச் செய்தியைக் கத்தரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார்.

"சுவத்துல இருந்த படத்தைப் பாத்து ஒண்ணரை வருஷத்துல கப்பலே கட்டிட்டா. இங்க புஸ்தகம், அளவு, ஃபைல் எல்லாம் இருக்கு."

"அது கலாசார அமைச்சக நிதி. இது பென்ஷன்."

"அங்க நோட்டிங் எழுதறவா வேற, பலகை தைக்கறவா வேற. அதான் முடிஞ்சுது."

மாமாவுக்குச் சுருக்கென்றது. அந்த மார்ச்சிலேயே அடிப்பலகையை ஒட்டி, இணைப்புகளுக்கு நாடா போட்டு, இரண்டு பூச்சு கொடுத்து, ஃபைலில் 'முடிந்தது' என்று எழுதாமல் 'ஒழுக்குச் சோதனை நிலுவை' என்று எழுதினார்.

தண்ணீரில் மிதக்கவிட்டு ஒழுகுகிறதா என்று பார்க்க வழியில்லாத இடத்தில், உள்ளே தண்ணீர் ஊற்றி வெளியே கசிகிறதா என்று பார்க்கலாம், தப்பில்லாத முறைதான். குழாயில் தண்ணீர் ஒழுங்காக வந்த ஒரு நாள் பார்த்து, மோட்டார் போட்டுப் படகை நிரப்பினார். ஒரு சொட்டு கசியவில்லை. அன்றைக்கு மாமா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வடிக்கலாம் என்று எழுந்தபோதுதான் மே மாதத் தட்டுப்பாடு தொடங்கி, டாங்கர் லாரி பின்னால் காலனியே குடத்தோடு ஓட ஆரம்பித்தது. மாமி குறுக்கே வந்து நின்றார். "ஒரு சொட்டு கீழ ஊத்தினா பாருங்கோ." கட்டி முடித்த நாளிலிருந்து முதல் தடவையாக அந்த வீட்டில் படகுக்கு மரியாதை வந்தது. பாத்திரம் கழுவ, துணி அலச, துளசிக்கு விட எல்லாம் படகுத் தண்ணீர்தான். பஞ்சாபி அம்மாளும் இரண்டு வாளி வாங்கிப் போனார்.

ஜூலையில் மழை வந்து தட்டுப்பாடு தீர்ந்தது. படகில் மிச்சத் தண்ணீர் இருந்ததை எல்லோரும் மறந்துவிட்டார்கள், கொசுவைத் தவிர. மாநகராட்சியிலிருந்து கொசுப்புழு தேடும் பெண் டார்ச்சோடு வந்தார். கூலரைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், தார்ப்பாயைத் தூக்கினார்.

"யே க்யா ஹை?"

"நாவ்" என்றார் மாமா, நிமிர்ந்து.

அந்தப் பெண் தண்ணீரில் டார்ச் அடித்தார். புழுக்கள் கூட்டமாக நெளிந்தன. "படகுல முதல்ல ஏறினது அதுகள்தான்" என்றார் மாமி. நோட்டீஸ் படிவத்தில் கூலர், தொட்டி, பூந்தொட்டி, டயர் என்று வரிசையாக அச்சடித்திருந்தது, இதற்கு இடமில்லை. பேனாவை உதட்டில் வைத்துக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'மற்றவை' என்ற கட்டத்தில் எழுதினார்: நாவ் — 1. முத்திரை குத்தினார்.

மாமா காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அபராதம் எவ்வளவு என்று கேட்கவில்லை. பெயர் எழுத்துப் பிழையில்லாமல் இருக்கிறதா, தேதி இருக்கிறதா, முத்திரை கலையாமல் விழுந்திருக்கிறதா என்று பார்த்தார். அந்தப் பெண்ணுக்கு மாமியைக் காபி போடச் சொன்னார். அன்று ராத்திரியே பதில் தயாராகிவிட்டது. பத்தி ஒன்று: மேற்படி கலம் தங்கள் அலுவலகத்தால் நேரில் ஆய்வு செய்யப்பட்டு, படகு எனப் பதிவானது நன்றியுடன் ஏற்கப்படுகிறது. பத்தி இரண்டு: தண்ணீர் வடிக்கப்பட்டது. கீழே, கையெழுத்துக்கும் கீழே, இன்னொரு வரி: நகல், இணைப்புடன், காலனிச் சங்கச் செயலாளரின் தகவலுக்கும் தக்க நடவடிக்கைக்கும்.